தண்ணியில்லாக் காட்டில் ஒரு பேட்ஜ்

எங்கள் மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. தமிழ்நாட்டில் எந்த அரசு ஊழியரை மிரட்டுவதென்றாலும் மேலதிகாரி சொல்லும் வசனம் ஒன்றுதான்: "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்." அந்தத் தண்ணியில்லாக் காடு நாங்கள்தான். சாயல்குடிக்குப் பக்கத்தில், பஸ் நின்றாலும் யாரும் இறங்காத ஓர் ஊரில் பிறந்தேன். மற்றவர்கள் தண்டனையாக வந்து சேரும் இடத்தில் ஒரு குற்றமும் செய்யாமல் பதினேழு வருடம் இருந்தேன்.

பொறியியல் படிக்கச் சென்னைக்குப் போன முதல் வாரமே விடுதியில் இந்த ஒரு வசனத்தை வைத்து என்னை ஓட்டித் தள்ளிவிட்டார்கள். "உங்க ஊர்ல குளிப்பீங்களாடா?" என்று ஒருவன் கேட்டான், மொத்த வராந்தாவும் சிரித்தது. அடுத்த நாள் வேறு ஒருவன் ஊரைக் கேட்டபோது "மதுரைப் பக்கம்" என்றேன். வாய் கொஞ்சம்கூடக் கூசவில்லை. அதன்பிறகு அதுவே என் ஊராகிவிட்டது. ஹூஸ்டனில் பதினான்கு வருடமாக நான் மதுரைக்காரன். ஹில்கிராஃப்ட் சாலையில் புதிதாகப் பரோட்டாக் கடை திறந்தால் என்னைக் கூட்டிப்போய்ச் சுவை பார்க்கச் சொல்கிறார்கள். நானும் சால்னாவை நக்கிப் பார்த்து, "ம்ம், எங்க ஊர் காரம் இல்ல" என்று தலையாட்டுகிறேன். கையில் காசு சேர்ந்ததும் முதல் வேலையாக அப்பா அம்மாவை மதுரையில் வீடு வாங்கிக் குடிவைத்தேன். பொய்க்கு அஸ்திவாரம் போட்டாயிற்று. உண்மை தெரிந்த ஒரே ஆள் என் மனைவி. பத்து வயது மகளுக்குக்கூட அப்பாவின் ஊர் மதுரைதான்.

அப்படிப்பட்டவனிடம் போன கோடையில் என் நண்பர் வந்து, "பாலைவனம் பார்க்கப் போலாமா?" என்று கேட்டார். நண்பர் சென்னைக்காரர். எங்கள் தெருவிலேயே வீடு. எக்செல் இல்லாமல் பல் தேய்க்க மாட்டார். மேற்கு டெக்சஸில் ஒரு ஊர், பத்து மணி நேர டிரைவ், ஜூலையில் கூட்டமே இருக்காது, ரூம் பாதி விலை என்று அட்டவணையைக் காட்டினார். ஜூலையில் அங்கே ஏன் கூட்டம் இருக்காது என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. "நம்ம பாக்காத வெயிலா மதுரை?" என்றார். மதுரை என்பது நான். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டே வருடக்கணக்காகிறது.

நான் மறுத்திருப்பேன். மறுக்காததற்கு என் மகள்தான் காரணம்.

இந்த நாட்டுப் பூங்காக்களில் குழந்தைகளுக்கு ஒரு பயிற்சிப் புத்தகம் கொடுப்பார்கள். அங்கிருக்கும் செடி, பிராணி, பாறை எல்லாவற்றையும் பார்த்து அதை நிரப்பிக் கொடுத்தால், ரேஞ்சர் ஓர் உறுதிமொழி வாங்கிக்கொண்டு பேட்ஜ் குத்திவிடுவார். நண்பருடைய இரண்டு பையன்களும் ஆளுக்கொரு காக்கி வெஸ்ட் போட்டு, அதில் வரிசையாக பேட்ஜ் குத்திக்கொண்டு, ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள்போலத் திரிவார்கள். என் மகளிடமும் ஒரு வெஸ்ட் இருந்தது. காலியாக. மூன்று பூங்காக்களில் புத்தகம் வாங்கி மூன்றிலும் பாதியில் விட்டாள். அவள் எதையும் நிதானமாகத்தான் செய்வாள். மூன்று முறையும் "டைம் ஆச்சு, கிளம்பு" என்று காரில் ஏற்றியவன் நான். இந்த முறை அவள் காலி வெஸ்ட்டை மடித்துப் பெட்டியில் முதல் ஆளாக வைத்ததைப் பார்த்தேன். "இந்த வாட்டி கண்டிப்பா பேட்ஜ் வாங்கிடலாம்டா" என்று வாக்குக் கொடுத்தேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "ஓகே" என்று மட்டும் சொன்னாள்.

ஊர் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. ஒரு தெரு, ஒரு சிக்னல், பத்து கடை. மூடிப்போன பெட்ரோல் பங்கை ஓவியக்கூடம் ஆக்கியிருந்தார்கள். உள்ளே இருந்த ஓவியங்களைவிட வெளியே துருப்பிடித்து நின்ற பம்ப் பார்க்க நன்றாக இருந்தது. நாங்கள் தங்கிய மோட்டலின் இணையப் பக்கத்தில் வசதிகள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் முதல் வசதி, நிழல். நிழலை வசதி என்று எழுதுகிற ஊரை எங்கள் பக்கத்தில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டாவது வசதி, நீச்சல் குளம். போய்ப் பார்த்தால் மாட்டுத் தொட்டி. நிஜமாகவே மாடு தண்ணீர் குடிக்கும் தகரத் தொட்டி. அதைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, பக்கத்தில் இரண்டு சாய்வு நாற்காலி போட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் நான் மாட்டுத் தொட்டியில் இறங்கியபோது முதுகில் அடி விழுந்தது. இங்கே சுருட்டிய டவல் கொடுத்து, "என்ஜாய்" என்றார்கள்.

உணவகங்களின் வாசலில் குழாய் கட்டி, காற்றில் தண்ணீரைப் புகையாகத் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். அது தரையைத் தொடுவதற்குள் காய்ந்து போனது. பரிசுக் கடையில் "பாலைவன மழை" என்று ஒரு மெழுகுவர்த்தி. கொளுத்தினால் மழை பெய்த மண் வாசனை வருமாம். சாயங்காலம் ஆனால் மலைப்பக்கம் மேகம் திரளும், இடி இடிக்கும், ஊரே வெளியே வந்து அண்ணாந்து பார்க்கும், மேகம் கலைந்துவிடும். நிஜ மழை கைவிட்ட இடத்தில் மெழுகு மழை விற்பனை. சப்பாத்திக் கள்ளிப் பழத்தில் ஜாம், சப்பாத்திக் கள்ளியில் சோப்பு, சப்பாத்திக் கள்ளி படம் போட்ட சாக்ஸ். காலில் குத்தாமல் இருந்தால் சரி என்று நாங்கள் ஒதுங்கிப் போன செடியை இவர்கள் காலிலேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

அந்த ஊரில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்றே ஒன்று. வேர்க்கவில்லை. அதையும் என் மனைவிதான் கண்டுபிடித்துப் பயன்படுத்தினாள். வந்த அன்றே எல்லாத் துணியையும் குளியல் தொட்டியில் அலசி, அறை வாசல் கைப்பிடிக் கம்பியில் விரித்தாள். கால் மணி நேரத்தில் ஜீன்ஸ் அப்பளம்போல விறைத்துக்கொண்டது. மோட்டல்காரப் பெண் வந்து, தோற்றம் கெடுகிறது, எடுத்துவிடுங்கள் என்றாள். எதன் தோற்றம் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை பூங்காவின் வரவேற்பு மையத்தில் மூன்று குழந்தைகளுக்கும் புத்தகம் வாங்கினோம். கொடுத்த ரேஞ்சர் அகலத் தொப்பி வைத்த, வெயிலில் காய்ந்து சிவந்த ஒரு பெண்மணி. அம்மா அப்பா உதவலாம், எழுதக் கூடாது என்று எங்களைப் பார்த்தே சொன்னார். ஆறாம் பக்கத்தைத் திறந்து மகளிடம் காட்டினார். ஓரிடத்தில் அரை மணி நேரம் பேசாமல் உட்கார வேண்டும். பார்த்தது, கேட்டது, உனக்கு உண்மை என்று தெரிந்தது, இவற்றை மட்டும் எழுத வேண்டும். "இதுதான் முக்கியமான பக்கம்" என்றார். மகள் தலையாட்டிய வேகத்தில் போனிடெயில் குதித்தது.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து இழுத்து, இப்போதே உட்காரலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நடைபாதை ஓரம் ஒரு பெஞ்சு இருந்தது. எனக்கும் மனம் இருந்தது. ஆனால் நண்பர் போனைத் தூக்கிக் காட்டினார். "பத்தே காலுக்கு ஃபர்ஸ்ட் போட்டோ பாயின்ட். ஆல்ரெடி செவன் மினிட்ஸ் லேட்."

"ஆறாவது பக்கம் எழுதணுமாம்" என்றேன்.

"அரை மணி நேரம்லாம் எவன் உக்காருவான் மதுரை? போன வாட்டியும் இதான் கேட்டாங்க. நெட்ல எல்லாம் இருக்கு. நான் பசங்களுக்கு வேன்லயே டிக்டேட் பண்ணிடுவேன்."

அப்படியே செய்தார். ஹூஸ்டனிலிருந்து ஆளுக்கொரு வண்டியில் வந்திருந்தோம், பூங்காவுக்குள் மட்டும் எல்லோரும் அவர் வேனில். பாறைக்குப் பாறை இறங்கி, வரிசையாக நின்று, போட்டோ எடுத்து, ஏறிக்கொண்டோம். நடுவில் அவர் டிக்டேட் செய்ய, பையன்கள் ஜன்னல் பக்கம் திரும்பாமல் குனிந்து பாலைவனத்தை எழுதினார்கள். மதியம் ஒரு கொட்டகையின் கீழ் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும். இயற்கையை அனுபவித்து முடித்தாயிற்று. நான் இதையெல்லாம் எவ்வளவு கேவலமாக நினைத்தேன் என்று சொல்லி மாளாது. ஆனால் வரிசையில் நிற்கச் சொன்னபோதெல்லாம் நின்றேன், சிரிக்கச் சொன்னபோதெல்லாம் சிரித்தேன்.

பிற்பகல் குழந்தைகள் மாட்டுத் தொட்டிக்குப் போனார்கள், மனைவியும் கூடப் போனாள். அறையில் நான், ஏசி, கட்டிலில் என் மகளின் புத்தகம். திறந்து பார்த்தேன். மற்ற பக்கங்களை எல்லாம் அவளே நிரப்பியிருந்தாள். ஆறாம் பக்கம் மட்டும் வெள்ளையாக இருந்தது. நாலு மணிக்கு ரேஞ்சரிடம் போக வேண்டும். மறுநாள் ஏழரைக்கு ஊருக்குக் கிளம்ப வேண்டும், எக்செல் அப்படித்தான் சொன்னது. நாலாவது முறையும் காலி வெஸ்ட்டோடு அவளை அழைத்துப்போவதா? வாக்குக் கொடுத்திருக்கிறேனே.

போனில் தேடினேன். யாரோ நிரப்பி ஏற்றியிருந்த பக்கம் கிடைத்தது. குழந்தைக் கையெழுத்து வரட்டும் என்று இடது கையால் எழுதினேன். 'நான் ஒரு கயோட் நரி ஊளையிடுவதைக் கேட்டேன். அது அழகாக இருந்தது.' நேரம் என்ற இடத்தில், மதியம் பன்னிரண்டு மணி. எழுதி முடித்துத் தூரத்தில் வைத்துப் பார்த்தேன். திருப்தியாக இருந்தது. நண்பரைக் கேவலமாக நினைத்த அதே ஆள்தான்.

நாலு மணிக்கு நண்பரின் பையன்கள் புத்தகத்தை நீட்டினார்கள். அன்று மாலை கவுண்ட்டரில் வேறு ஓர் இளைஞனும் இருந்தான். அவன் புரட்டிக்கூடப் பார்க்காமல் பேட்ஜ் கொடுத்துவிட்டான். என் மகள் காலையில் பார்த்த பெண்மணியிடம் போனாள். அவர் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். ஆறாம் பக்கத்தில் நின்றார்.

"கயோட்டா? நடுப்பகலிலா?" என்றார் சிரித்துக்கொண்டே. "எனக்கு இத்தனை வருஷத்தில் அந்த அதிர்ஷ்டம் வரவில்லையே. எங்கே உட்கார்ந்திருந்தாய்?"

மகள் பக்கத்தை எட்டிப் பார்த்தாள். அதுவரை அவளுக்கு விஷயமே தெரியாது. இடதுகைக் கோணல் எழுத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் கண்ணால் ஜாடை காட்டினேன். சும்மா ஆமா சொல்லு. அவளுடைய கை வெஸ்ட்டின் காலி இடத்தைத் தடவியது. அந்த பேட்ஜ் மேஜைமேல், அவள் விரலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"நான் எழுதவில்லை. நான் உட்காரவே இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

யார் எழுதியது என்று ரேஞ்சர் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை, திரும்பியிருந்தால்கூடப் பரவாயில்லை. புதுப் புத்தகம் ஒன்றை எடுத்து, "இதில் ஆறாம் பக்கம் மட்டும் போதும். நாளை எட்டு மணிக்குத் திறப்போம்" என்றார்.

வெளியே வந்ததும் நண்பர், "நாளைக்கு செவன் தர்ட்டி கிளம்பணும். அடுத்த ட்ரிப்ல வாங்கிக்கலாம் கண்ணா" என்றார்.

மகள் வெஸ்ட்டைக் கழற்றத் தொடங்கினாள்.

"அண்ணா, நீங்க கிளம்புங்க" என்றாள் என் மனைவி. "நாங்க பின்னாடி வரோம்." அவள் குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. அறைக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் என்னிடம் திரும்பினாள். "குழந்தை பேர்லயே பொய் எழுதியிருக்கீங்க. உங்களுக்கு அது அவ்ளோ ஈஸியா வருதுல்ல?"

எதைச் சொல்கிறாள் என்று புரிந்தது. புரியாததுபோல டீவியைப் போட்டேன்.

மறுநாள் எட்டு மணிக்கு மனைவி வரவேற்பு மையத்தின் தாழ்வாரத்தில் காபியோடு உட்கார்ந்தாள். நானும் மகளும் அந்தப் பெஞ்சுக்குப் போனோம். பெஞ்சுக்கு நேர் எதிரே ஒரு மரம், அதைச் சுற்றி முட்டளவு வேலி, வேலியில் பெயர்ப்பலகை. மரத்தை நான் பலகை படிக்காமலே அடையாளம் கண்டுகொண்டேன். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

வேலிக்கருவை, அதாவது சீமைக்கருவேலம். பலகை மெஸ்கீட் என்றது. எங்கள் ஊரில் இருப்பது இதன் பங்காளி. இந்தக் கண்டத்திலிருந்துதான் அங்கே வந்து சேர்ந்து, கண்மாய், வயல், சுடுகாடு ஒன்றையும் விடாமல் முளைத்தது. ஜேசிபி வைத்துப் பிடுங்கினாலும் திரும்ப வரும். ஆட்டுக்கு அதன் காய், அடுப்புக்கு அதன் விறகு, வேலைக்கு அதன் கரிமூட்டம், காலுக்கு அதன் முள். நான் பள்ளிக்கூடம் போன வழி முழுக்க அதுதான். அதை மறுபடி பார்க்காமல் இருக்கத்தான் படித்தேன் என்றே சொல்லலாம். அதைச் சுற்றி வேலி போட்டு, தொடாதே என்று எழுதி, எதிரே பெஞ்சு போட்டிருக்கிறார்கள். நான் பத்து மணி நேரம் கார் ஓட்டி வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

"எதுக்குச் சிரிக்கிற அப்பா?" என்றாள் மகள். தமிழில் கேட்டாள். எப்போதாவதுதான் கேட்பாள்.

"இதெல்லாம் ஒரு மரமா? எங்க ஊர்ல குப்பை மாதிரி கெடக்கும். வேலிக்கருவைன்னு பேரு."

அவள் பென்சிலை நிறுத்தினாள். முகம் மலர்ந்துவிட்டது. "உனக்கு இது தெரியுமா? சின்ன வயசிலிருந்தா?" என்று ஆங்கிலத்துக்கு மாறினாள். "மதுரையிலா?"

"ஆமா" என்றேன்.

இத்தனை வருடப் பழக்கம். யோசிக்கவே இல்லை. அவள் வேகமாகக் குனிந்து பக்கத்தின் கடைசி வரியில் எழுதினாள். பிறகு அரை மணி நேரம் பேசவில்லை. நான் போனைப் பார்த்தேன், மரத்தை முறைத்தேன், மறுபடி போனைப் பார்த்தேன்.

ரேஞ்சர் ஆறாம் பக்கத்தை இந்த முறை சத்தமாகப் படித்தார். வரிசையில் நின்ற இரண்டு முதியவர்களும் கேட்டார்கள். சிவப்பு எறும்பு, ஒரு பல்லி, அது தண்டால் எடுத்தது. கிளைக்குள் ஒரு சின்னக் கூடு, காலியானது. காற்று இல்லாதபோதும் இலை ஆடியது. 'என் அப்பா பதினோரு முறை போனைப் பார்த்தார், மூன்று முறை மரத்தைப் பார்த்தார்.' முதியவர்கள் சிரித்தார்கள். கடைசி வரிக்கு வந்தபோது ரேஞ்சரின் குரல் மாறியது. "'என் அப்பா மதுரையில் இந்த மரத்தோடு வளர்ந்தார்.' அருமை. இதைத்தான் நான் எதிர்பார்த்தேன்."

பேட்ஜை எடுத்தார். வலது கையைத் தூக்கச் சொன்னார். 'நான் எழுதியவை எல்லாம் உண்மை' என்று அவளைச் சொல்லச் சொன்னார்.

மகள் நேராக நின்று, கையைத் தூக்கி, வாயைத் திறந்தாள். நேற்று ஒரு பொய்க்காக அந்த பேட்ஜையே வேண்டாம் என்றவள். இன்று நான் கொடுத்த பொய்யை உண்மை என்று நம்பிச் சத்தியம் செய்யப் போகிறாள். இதைவிடக் கேவலமாக என்னை நான் உணர்ந்ததே இல்லை.

"ஒரு நிமிஷம்" என்றேன். "கடைசி வரி தப்பு. மதுரை இல்ல."

கை தூக்கியபடியே திரும்பினாள். "அப்போ எங்க?"

"சாயல்குடி பக்கம்." நான் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி எத்தனை வருடம் ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. "மதுரைலேர்ந்து ரொம்ப தூரம். தண்ணி கெடையாது. வெறும் கருவை."

ஏன் மாற்றிச் சொன்னாய் என்று கேட்பாள், அழுவாள் என்று நினைத்தேன். ரேஞ்சரிடம் ரப்பர் கேட்டு வாங்கினாள். மதுரையை அழித்தாள். "ஸ்பெல் பண்ணு" என்றாள். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். எழுதி, ஊதி, மறுபடி கையைத் தூக்கினாள். மனைவி தாழ்வாரக் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்; எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

ஃப்ரீவே ஏறி இருபது மைல் போயிருப்போம், நண்பர் போன் செய்தார். கார் ஸ்பீக்கரில் அவர் குரல் அதிர்ந்தது. "என்ன மதுரை, எங்க இருக்கீங்க? லஞ்ச் ஸ்டாப் மிஸ் பண்ணிடுவீங்க போல."

நான் வாயைத் திறப்பதற்குள் பின்சீட்டிலிருந்து பதில் போயிற்று, தமிழில். "அங்கிள், அப்பா மதுரை இல்ல. சாயல்குடி."

நண்பர் வெடித்துச் சிரித்தார். இத்தனை வருடமாக நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த சிரிப்பு அது. கல்லூரி வராந்தாவில் கேட்டதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. "அடப்பாவி! ராம்நாடா? அந்தத் தண்ணியில்லாக் காடா?"

"ஆமா அங்கிள்" என்றாள் மகள். புது பேட்ஜை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். "எங்க அப்பா டெசர்ட்லேர்ந்து வந்தவர்."

அவள் குரலில் அப்படி ஒரு பெருமை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல், ஏசிக் காற்றை என் பக்கம் திருப்பிவிட்டு ரோட்டைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கருவைதான்.